நினைவகக் கசிவும் நிர்வாகப் பொறுப்பும்

1992 நவம்பர் 4ஆந் திகதி அதிகாலையில் இலண்டன் அம்புலன்ஸ் சேவையின் கணனித் தொகுதி முடங்கியது. செய்நிரலில் மறந்து விடப்பட்ட சிறு பகுதியொன்றினால், ஊர்தியொன்று அனுப்பப்படும் ஒவ்வொரு தடவையும் சிறிதளவு நினைவகம் எடுக்கப்பட்டு விடுவிக்கப்படாது போயிற்று. மூன்று வாரங்களில் அது முற்றாகத் தீர்ந்தது.

இத்தகைய கசிவுக்குச் செய்நிரல் மொழியே பரிகாரம் என்பாருளர். பயனற்ற நினைவகத்தைத் தானாக மீட்கும் முறையை ஜோன் மக்கார்த்தி 1959ஆம் ஆண்டளவிலேயே லிஸ்ப் மொழிக்கு வகுத்தார் என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும், தேவையற்றதைச் செய்நிரல் சுட்டிநிற்கும்வரை அம்முறையும் அதனை மீட்காது.

1993இல் வெளியான விசாரணை அறிக்கை, கவனயீனத்துடன் தரக்கட்டுப்பாடின்மையையும் நிறைவேற்றவியலாத கால அட்டவணையையும் கண்டித்தது. எனவே, ஓர் உழைப்பாளியின் மறதியை மாத்திரம் பதிவுசெய்து, அவசரத்தை விதித்த நிர்வாகத்தை மறக்கும் வரலாற்றை நாம் ஏற்பதற்கில்லை.