பெரிய கண்ணாடி மீன்தொட்டி

நான்கு அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள, கண்ணாடிப் பலகைகளைச் சிலிக்கான் பசையால் ஒட்டிச் செய்த தொட்டிகளைப் பெரிய மீன்தொட்டிகள் என்று கடைக்காரர்கள் வழக்கமாகச் சொல்கிறார்கள். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 250 லிட்டர். அரோவானா போன்ற நீண்ட மீன்களுக்காக வாங்கப்படும் 6×2×2 அடித் தொட்டியின் கொள்ளளவு 680 லிட்டர். இந்த அளவை எட்டிய தொட்டியை மேசை, பீரோ வரிசையில் சேர்க்க முடியாது. அது கட்டடத்தின் மேல் இரவும் பகலும் இறங்கிக்கொண்டே இருக்கும் பளு. மீனையும் விளக்கையும் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே கண்ணாடி, ஸ்டாண்ட், தரை ஆகிய மூன்றையும் முடிவு செய்துவிட வேண்டும்.

வரலாறு

லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் 1853-இல் முதல் பொது மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. சென்னை மெரினாவில் 1909-இல் ஒரு மீன் காட்சியகம் வந்தது. அந்தக் காலத்துத் தொட்டிகளில் உலோகச் சட்டமே சுமையைத் தாங்கியது. கண்ணாடி அதற்குள் மக்குப் பசையால் பொருத்தப்பட்டிருந்தது. பசை காய்ந்து வெடிப்பதும் சட்டம் துருப்பிடிப்பதும் தீராத தொல்லைகளாக இருந்தன. உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுச் சமதளப் பலகையாக்கும் ஃப்ளோட் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அறிவித்தது. 1960-களில் சிலிக்கான் பசை மீன்தொட்டிகளுக்கு வந்ததும் சட்டத்தின் தேவை போயிற்று. கண்ணாடியே கண்ணாடியைத் தாங்கத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் நிறுவனத்தின் ஃப்ளோட் கண்ணாடி ஆலை 2000-இல் உற்பத்தியைத் தொடங்கியது. வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர்போன சென்னைக் கொளத்தூரில் இன்று எந்த அளவு சொன்னாலும் தொட்டி செய்து தருகிறார்கள்.

எடையும் அழுத்தமும்

ஒரு கன அடித் தண்ணீரின் எடை சுமார் 28 கிலோ. 6×2×2 தொட்டியில் மேலே சில அங்குலம் விட்டு நிரப்பினால் 580 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் பிடிக்கும். 12 மி.மீ. கண்ணாடியில் செய்த வெறும் தொட்டியே 120 கிலோவைத் தாண்டும். அடியில் இரண்டு அங்குலம் மணல் பரப்பினால் 80 கிலோ. இரும்பு ஸ்டாண்டுக்கு 60 கிலோ. ஆக, 800 கிலோவுக்கு மேல். ஸ்டாண்டின் அடியில் வடிகட்டித் தொட்டி ஒன்றும் வைத்தால் ஒரு சிறிய காரின் எடை சுவரோரம் வந்து நிற்கிறது.

தண்ணீர் கீழே அழுத்துவதுபோலவே பக்கவாட்டிலும் தள்ளுகிறது. எந்த இடத்திலும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது அதற்கு மேலுள்ள நீரின் உயரம். தொட்டி எவ்வளவு அகலம், பின்னால் எத்தனை லிட்டர் என்பது கணக்கில் வராது. நெதர்லாந்துக் கணித அறிஞர் சைமன் ஸ்டெவின் 1586-இலேயே இதை விளக்கிவிட்டார். 6 அடி நீளமும் 2 அடி உயரமும் உள்ள முன்கண்ணாடியைத் தண்ணீர் ஏறத்தாழ 340 கிலோ விசையுடன் வெளியே தள்ளும். உயரத்தை 3 அடியாக்கினால் அந்த விசை 760 கிலோவைத் தாண்டும். உயரம் ஒன்றரை மடங்கு ஏற, விசை இரண்டேகால் மடங்காகிறது. ஆகவே பெரிய தொட்டி வேண்டும் என்பவர் அகலத்தைக் கூட்டுவதே நல்லது. அகலம் கூடினால் கண்ணாடியின் தடிமன் ஏற வேண்டியதில்லை. மீன் உடலை வளைக்காமல் திரும்பலாம். இரண்டு அடி ஆழம்வரைதான் கை அடிமணலைத் தொடும் என்பதால் சுத்தம் செய்வதும் எளிது. உயரமான, ஒடுங்கிய தொட்டி வரவேற்பறையில் கம்பீரமாகத் தெரியலாம். மீனுக்கும் அதில் சுகமில்லை, கண்ணாடிக்கும் இல்லை.

கண்ணாடியும் பசையும்

தொட்டிக்கு ஏற்றது சாதாரண ஃப்ளோட் கண்ணாடி. டஃபன்ட் கண்ணாடி அதைவிடப் பல மடங்கு வலுவானது என்றாலும், உடைந்தால் ஒரு நொடியில் முழுப் பலகையும் பொடியாகிவிடும். சாதாரணக் கண்ணாடியில் முதலில் ஒரு கீறல் ஓடும், தண்ணீர் கசியும். பல வேளைகளில் வாளியைத் தேடவும் மீனைக் காப்பாற்றவும் நேரம் கிடைக்கும். டஃபன்ட் கண்ணாடியைப் பின்னாளில் வெட்டவோ துளையிடவோ முடியாது என்பதையும் குழாய்த் துளை போட நினைப்பவர்கள் மறந்துவிடக் கூடாது. எக்ஸ்ட்ரா கிளியர் எனப்படுவது இரும்புச் சத்து குறைந்த கண்ணாடி. அதில் பச்சைச் சாயல் இருக்காது. மீனின் நிறம் மாறாமல் தெரியும். கூடுதல் வலு எதுவும் கிடையாது.

4×1½×1½ அடித் தொட்டிக்கு 8 மி.மீ. கண்ணாடி தாங்கும் என்றாலும் 10 மி.மீ. போடுவது நிம்மதி. 6×2×2 அடிக்கு 12 மி.மீ. கண்ணாடியும், மேல்விளிம்பில் நீளவாக்கிலும் குறுக்கிலும் ஒட்டிய பட்டைகளும் வேண்டும். நீளமான கண்ணாடி நடுவில் வெளியே பிதுங்காமல் இழுத்துப் பிடிப்பவை அந்தப் பட்டைகள்தான். பார்வைக்கு இடைஞ்சல் என்று அவற்றை விட்டுவிடச் சொல்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் தடிமனைக் கூட்டியே ஆக வேண்டும். கடையில் சொல்லும் தடிமனை வெர்னியர் கருவியால் அளந்து பார்க்கக் கேட்பதில் தவறில்லை. நல்ல கடைக்காரர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டு கண்ணாடிகள் சேரும் இடத்தில் பசைப்படலம் சீராக இருக்க வேண்டும். அதில் பெரிய காற்றுக் குமிழிகளோ, விளிம்பிலிருந்து உள்ளே ஓடும் வெள்ளைக் கோடுகளோ தெரிந்தால் அந்த ஒட்டு பிடிக்கவில்லை. கழிவறைக்கென்று விற்கும், பூஞ்சை எதிர்ப்பு மருந்து கலந்த சிலிக்கான் மீனுக்கு நஞ்சாகும். பசை மேலே விரைவில் காய்ந்துவிடும். உள்ளே ஆழம்வரை இறுகப் பல நாட்கள் தேவை. வினிகர் வாடை முற்றிலும் போகும்வரை, குறைந்தது ஒரு வாரமாவது, தண்ணீர் விடக் கூடாது. இன்று ஒட்டி நாளை வீட்டில் நிரப்பித் தருகிறேன் என்று சொல்லும் கடையில் வாங்காமல் இருப்பதே பாதுகாப்பு.

பழைய தொட்டி வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். புதுச் சிலிக்கான் பழைய சிலிக்கானின் மேல் சரியாகப் பிடிக்காது. கசியும் மூலையில் உள்ளிருந்து மேலும் பசை தடவியிருந்தால் அது பழுது பார்த்ததாக ஆகாது; முழுவதும் பிரித்து, சுரண்டி, மறுபடி ஒட்ட வேண்டும். விளிம்பில் சில்லு பெயர்ந்த கண்ணாடியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். விரிசல் தொடங்குவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

ஸ்டாண்ட்

பாரத்தால் உடைந்தது என்று சொல்லப்படும் தொட்டிகளில் பலவும் முறுக்கத்தால் உடைந்தவை. கண்ணாடி அழுத்தத்தை நன்றாகத் தாங்கும்; வளைவதைத் தாங்காது. நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் தொட்டி முழுவதும் முறுக்கிக்கொள்ளும். அந்த இழுவையைச் சில நாட்களோ சில மாதங்களோ பொறுத்துவிட்டு, ஏதோ ஒரு இரவில் அடிக்கண்ணாடி விரியும் அல்லது ஒட்டு பிரியும். ஆகவே ஸ்டாண்டில் முதலில் பார்க்க வேண்டியது அதன் மேல்தளம் ஒரே சமமாக இருக்கிறதா என்பதே.

வழக்கமான தேர்வு வெல்டிங் செய்த இரும்புச் சதுரக் குழாய் ஸ்டாண்ட். வெல்டிங் சூட்டில் இரும்பு வளையும் என்பதால், வேலை முடிந்த பிறகு மூலைக்கு மூலை நூல் பிடித்துச் சரிபார்க்க வேண்டும். 6 அடி ஸ்டாண்டுக்கு நடுவிலும் ஒரு ஜோடிக் கால் தேவை. இல்லாவிட்டால் மேல்குழாய் நடுவில் தொய்யும், கண்ணாடி அதனுடன் சேர்ந்து தொய்யாது. பின்பக்கம் குறுக்குக் கம்பி இருந்தால்தான் ஸ்டாண்ட் பக்கவாட்டில் சாயாது. ஒவ்வொரு காலின் அடியிலும் அகலமான இரும்புத் தகடு இருக்கட்டும். ஒரு காலில் 150 கிலோவுக்கு மேல் இறங்கும்போது, கீழே கலவை சரியாக நிரம்பாத டைல்ஸ் எளிதில் உடையும்.

செங்கல் தூண்கள் எழுப்பி மேலே கடப்பாக்கல் போடுவதும் வழக்கம். செங்கல் கட்டு நல்ல தாங்கல். ஆனால் கடப்பாக்கல் நீண்ட இடைவெளிக்கு மேல் உத்தரம்போல் வேலை செய்யாது. இரண்டு அடிக்கு ஒரு தூணாவது அடியில் வேண்டும். அழுத்திய மரத்தூளில் செய்த டிவி ஸ்டாண்டு, அலமாரி போன்றவற்றின் மேல் பெரிய தொட்டியை வைக்கவே கூடாது. அந்தப் பலகை ஈரம் பட்டால் ஊதி உதிரும். மீன்தொட்டி இருக்கும் இடத்தில் ஈரம் படாமல் இருக்காது.

ஸ்டாண்டின் மேல் 18 மி.மீ. தண்ணீர் தாங்கும் பிளைவுட், அதன் மேல் அரை அங்குலத் தெர்மாகோல் ஷீட், அதன் மேல் தொட்டி என்பது நடைமுறை. அடியில் சிக்கிய ஒரு மணல் துகள்கூட ஒற்றைப் புள்ளியில் கண்ணாடியைக் குத்தும். தெர்மாகோல் அதை உள்வாங்கிக்கொள்கிறது. கோணலான ஸ்டாண்டை அது நேராக்காது. அடியில் பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டிகளில் அடிக்கண்ணாடி சற்று மேலே தூக்கி நிற்கும். விளிம்பு மட்டுமே பளுவைத் தாங்குமாறு செய்யப்பட்டவை அவை. அவற்றுக்குத் தெர்மாகோல் வைக்கக் கூடாது.

தரை

வீடுகளின் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 தரும் வடிவமைப்புப் பளு, சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. இரண்டு அடி உயரத் தண்ணீர் தனியாகவே அதைப்போல் மூன்று மடங்கு. இதைக் கேட்டவுடன் பயந்துவிட வேண்டியதில்லை. அந்த 200 கிலோ அறையின் பரப்பு முழுவதற்குமான கணக்கு. 12×10 அடி அறைக்கு மொத்தம் 2,200 கிலோ வருகிறது. பளு எங்கே இறங்குகிறது என்பதே இங்குள்ள கேள்வி. பீம் அல்லது சுமைதாங்கும் சுவரை ஒட்டி வைத்தால் எடை விரைவாக அதற்குப் போய்விடும். அறையின் நடுவில் வைத்தால் தளம் அதிகமாக வளையும். ஆள்கள் கூடும் நிகழ்ச்சி நாளில் அதே அறையில் வேறு பளுவும் ஏறும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மண்ணை இடித்துக் கெட்டித்துப் போட்ட தரைத்தளமே எல்லாவற்றிலும் நல்லது. ஆனால் கீழே வண்டி நிறுத்தும் இடம் உள்ள அடுக்ககத்தில் முதல் வீடும் மண்ணைத் தொடாத தொங்குதளத்தின் மேல்தான் இருக்கிறது. வெளியே நீட்டிய பால்கனியில் பெரிய தொட்டி எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. மரச்சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் மாடியும் அப்படித்தான். சுவருக்குள் செருகிய சட்டத்தின் நுனி கரையான் அரித்திருப்பது வெளியே தெரியாது. மாடியில் 300 லிட்டருக்கு மேல் வைக்க விரும்புபவர் வீட்டின் கட்டமைப்பு வரைபடத்துடன் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைப் பார்ப்பது நல்லது. அதற்காகும் செலவு நல்ல வடிகட்டி ஒன்றின் விலையைவிடப் பெரிதாக இருக்காது.

நிறுவுதல்

காலித் தொட்டியை நகர்த்தும்போது அடியைப் பிடித்துத் தூக்க வேண்டும். மேல்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் பட்டை பிரியும். தண்ணீர் கொஞ்சமாவது உள்ள தொட்டியை அசைக்கவே கூடாது. கொத்தனாரின் ரசமட்டத்தால் ஸ்டாண்டைச் சரிபார்த்த பிறகு, தொட்டியில் இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டு நான்கு மூலைகளிலும் நீரின் மட்டத்திலிருந்து மேல்விளிம்பு எவ்வளவு தூரம் என்று அளக்கலாம். வேறுபாடு தெரிந்தால் தண்ணீரை வடித்துவிட்டு, ஸ்டாண்டின் காலுக்கு அடியில் உலோகத் தகடு கொடுத்து உயர்த்த வேண்டும். கண்ணாடிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே அட்டையோ ஆப்போ செருகுவது முறுக்கத்தை உண்டாக்கும். பிறகு கால்வாசி, பாதி, முழுவதும் என்று இடைவெளி விட்டு நிரப்பி, மூன்று நாட்களாவது மீனில்லாமல் வைத்துப் பார்க்க வேண்டும். மூலைகளின் அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தால் சிறு கசிவும் தெரிந்துவிடும்.

பெர்லினில் ஒரு ஹோட்டலின் நடுவே நின்ற அக்வாடோம் என்ற அக்ரிலிக் உருளைத் தொட்டி 2022 டிசம்பர் 16 அதிகாலையில் வெடித்து, சுமார் 10 லட்சம் லிட்டர் தண்ணீரைக் கொட்டியது. விடியுமுன் நடந்ததால் காயமடைந்தவர்கள் இருவர் மட்டுமே. அதிலிருந்த 1,500 மீன்களில் பெரும்பாலானவை இறந்தன. வீட்டுத் தொட்டி அவ்வளவு பெரிதல்ல. ஆனாலும் 600 லிட்டர் தண்ணீர் சில நிமிடங்களில் அறை முழுவதும் பரவும், சுவரோர மின்கம்பிகளைத் தொடும். ஆகையால் தொட்டியின் பம்புக்கும் விளக்குக்கும் போகும் மின் இணைப்பில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். பிளக் பாயிண்ட் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்; அது முடியாவிட்டால், ஒயரில் வழியும் துளி பிளக்கை எட்டாமல் கீழே சொட்ட, ஒயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட வேண்டும்.