வெளுத்ததெல்லாம் பாலல்ல

செம்பருத்தியிலோ பப்பாளியிலோ வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் போதும். "அக்கா, மாவுப்பூச்சி வந்துருச்சு, என்ன மருந்து அடிக்கட்டும்?" என்று எங்கள் தெருவில் யாராவது வந்து நிற்பார்கள். மருந்து கிடக்கட்டும், இலையோடு பூச்சியைக் கொண்டுவா என்பேன். வெள்ளைப் பூச்சியை ஆள் மாறாட்டம் செய்வதில் நம் ஊருக்கு இருநூறு வருஷத்துக்கும் மேலான அனுபவம் உண்டு.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். 1786-இல் ஒரு புல்லில் அவர் பார்த்த பூச்சியைக் கொச்சினீல் என்று நம்பினார். கள்ளியில் வளரும் அந்தப் பூச்சியிலிருந்துதான் அன்று ஐரோப்பா விலை கொடுத்து வாங்கிய சிவப்புச் சாயம் வந்தது. வியாபாரம் முழுக்க ஸ்பெயின்காரர் கையில். ஆண்டர்சன் லண்டனுக்கு, இயற்கை அறிஞர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதமாக எழுதித் தள்ளினார். புல்லில் இருந்தது வேறு பூச்சி. ஆனாலும் மனிதர் விடவில்லை. அசல் பூச்சி வந்தால் வளர்க்கலாம் என்று சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார்.

1795-இல் கேப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து கொல்கத்தாவுக்கு ஒரு பூச்சியைக் கொண்டுவந்தார். அதுவும் அசல் இல்லை, மட்டச் சாயம் தரும் தூரத்துச் சொந்தம். சாயத் தொழில் படுத்தது. பூச்சியோ தான் ஏறிய கள்ளியினத்தை இருந்த இடம் தெரியாமல் தின்று தீர்த்தது. இதைக் கவனித்தவர்கள் 1836-ஐ ஒட்டித் தெற்கேயும், 1860-களில் இலங்கைக்கும் அதைக் கொண்டுபோனார்கள், இம்முறை கள்ளியை ஒழிப்பதற்கென்றே.

ஆனால் நம் காட்டோரத்துச் சப்பாத்திக்கள்ளியை அந்தப் பூச்சி தொடவில்லை. சிவப்புப் பழம் பழுக்குமே, உள்ளேயிருக்கும் நட்சத்திர முள்ளை எடுத்துவிட்டுச் சின்னப் பிள்ளைகள் வாய் சிவக்கத் தின்பார்களே, அந்தக் கள்ளி. மேய்ச்சல் நிலத்தையெல்லாம் அது அடைத்துக்கொண்டது. அதற்கேற்ற வேறொரு கொச்சினீல் இனம் ஆஸ்திரேலியாவிலிருந்து இலங்கை வழியாக 1926-இல் வந்தது. சில வருஷங்களில் கள்ளிக்காடுகள் சரிந்தன. இன்றும் கள்ளி மடலில் வெள்ளைத் திட்டைக் கண்டால் நகத்தால் நசுக்கிப் பாருங்கள். விரல் ரத்தச் சிவப்பாகும்.

பிறகு 2008. கோவையில்தான் ஒரு புது மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. பப்பாளி மரங்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல நின்றன. மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி எதையும் அது விடவில்லை. எங்கள் பொடக்காலியிலும் குருத்து சுருண்டது, இலை பிசுபிசுத்தது, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்தது, தண்டில் எறும்பு ஊர்வலம். ஆளாளுக்கு மருந்து அடித்தார்கள். பூச்சி அசையவில்லை. இது மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி என்று அடையாளம் தெரிந்த பிறகே வழி பிறந்தது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து, அதற்கென்றே உள்ள ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்டார்கள். கடுகளவுகூட இல்லாத அசெரோபேகஸ் என்ற குளவி, மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதை வெறும் கூடாக்கிவிடும். அந்தக் கூட்டில் குளவி வெளியேறிய வட்ட ஓட்டை தெரியும்.

இந்த வெள்ளைக் கூட்டத்தில் ஒரு நல்லவனும் உண்டு. காப்பிச் செடியின் பச்சைச் செதில்பூச்சியை ஒழிக்க 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரிப்டோலேமஸ் பொறிவண்டு. இதன் புழு உடம்பு முழுக்க வெள்ளை மெழுகு இழைகளோடு, பெரிய மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். வேலை என்னவோ மாவுப்பூச்சியைத் தின்பது. விறுவிறுவென்று ஓடினால் அது புழு. நகராமல் கும்பலாக ஒட்டிக்கிடந்து, நசுக்கினால் மஞ்சளாக வந்தால் பப்பாளி மாவுப்பூச்சி என்று சந்தேகப்படலாம்.

எனவே மருந்துக்கடைக்குப் போகுமுன் ஒரு பூதக்கண்ணாடி வாங்குங்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். புழு ஓடினாலோ, ஓட்டை விழுந்த கூடுகள் கிடந்தாலோ தெளிப்பானைத் தொடாதீர்கள். நீங்கள் அடிக்கும் மருந்தில் முதலில் சாவது உங்களுக்காக வேலை செய்பவர்கள்தான்.