அரியணையும் அரங்கமும்

சூலியா தெருவால் தமிழர் நன்கறிந்த பினாங்கு நகரில், 1885-ல் மாமாக் புஷி என்பவர் ஒரு நாடகக் குழுவை நிறுவினார். பார்சி நாடகங்களைப் பின்பற்றி மலாய் மொழியில் ஆடிப் பாடிய அக்கலைக்குப் ‘பங்சாவான்’ என்று பெயர். பிரபு குலம் என்பது பொருள். மேடையில் அரசர் உலவினர். எனினும் குழுவைப் போற்றியவர் அரசர் அல்லர். சீட்டு வாங்கிய பொதுமக்களே.

இதற்கு இருநூறாண்டுகட்கு முன் நிலைமை வேறு. பிரான்சில் பிரபுக்களின் கலகம் அடங்கிவந்த 1653-ல், பதினான்கு வயதினனான பதினான்காம் லூயி மன்னன் சூரிய தேவனாக வேடம் பூண்டு ஆடினான். எவரைச் சுற்றி நாடு இயங்கவேண்டும் என்பதை அவையோர் கண்ணாலேயே கண்டனர். 1672-ல் இசை நாடகம் நடத்தும் தனியுரிமையை லுல்லி என்னும் இசைவாணர் பெற்றார். அவருடைய நாடகங்களின் தொடக்கக் காட்சிகளில் மன்னன் புகழே ஒலித்தது. புகழ்வதிலும் ஆபத்து உண்டு. 1677-ல் அரங்கேறிய ‘இசிஸ்’ நாடகத்தில், பொறாமை கொண்ட ஜூனோ தேவி மன்னனின் காதலியான மான்தெஸ்பான் சீமாட்டியையே குறிப்பதாக அவையில் பேச்செழுந்தது. பாடல் புனைந்த கினோ அவையினின்று விலக்கப்பட்டார். இசையமைத்த லுல்லிக்கோ ஒரு குறையும் நேரவில்லை!

லுல்லியின் முதல் இசை நாடகம் பாரிசில் அரங்கேறியது 1673-ல். அதே ஆண்டில்தான் தஞ்சை விஜயராகவ நாயக்கர் மதுரைப் படையுடன் பொருது மாண்டார். அவரும் நாடகப் பித்தர். தந்தை இரகுநாதரின் பெருமையைத் தெலுங்கு யட்சகானமாக அவரே பாடினார். அவைப் புலவர் ரங்காஜம்மாவின் ‘மன்னாருதாச விலாசம்’ விஜயராகவரையே தலைவனாகக் கொண்டது.

பின்வந்த மராத்தியர் இம்மண்ணுக்குப் புதியவர். 1684 முதல் 1712 வரை ஆண்ட ஷாஜி, முந்தைய அவையின் தெலுங்கைக் கைவிடவில்லை. ‘பல்லக்கி சேவா பிரபந்தம்’ இயற்றித் திருவாரூர்த் தியாகராசப் பெருமானைத் தலைவனாக்கினார். பக்தி ஒருபுறமிருக்க, நாட்டின் தெய்வத்தைப் பாடிய அரசனைக் குடிகள் அந்நியனாகக் கருதுவது அரிது. லூயி தன்னையே தேவனாக்கிக் கொண்டான். ஷாஜியோ தேவனுக்குத் தொண்டராக நின்றார். இரண்டும் அரசியலே, பின்னதே நுட்பமானது.

அம்மரபில் இரண்டாம் சரபோஜி, 1799-ல் ஆட்சியைக் கும்பினியாரிடம் ஒப்படைத்தார். கோட்டை மட்டுமே எஞ்சியது. அவர்மீது கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றிய ‘சரபேந்திர பூபாலக் குறவஞ்சி’, அதன் பின்னும் நெடுங்காலம் தஞ்சைப் பெரிய கோயிலில் திருவிழாதோறும் ஆடப்பட்டு வந்தது.