காட்டின் வரலாற்றை எந்த அளவுகோலால் எழுதினோம்?

காலனிய வனத்துறையின் ஆண்டறிக்கைகளைப் புரட்டியவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். தீயைப் பற்றிய பகுதி எண்களால் நிறைந்திருக்கும்: காக்க முயன்ற பரப்பு, காக்கப்பட்ட பரப்பு, எரிந்த பரப்பு, செலவு, தீ மூண்ட காரணம். புயலில் சாய்ந்த மரங்களுக்கும் ஆறு அரித்த கரைகளுக்கும் பெரும்பாலும் சில வரிகளே கிடைக்கும். காட்டைக் குலைப்பவை பல. அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் ஏன் இத்தனை ஏடுகள்?

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. மொழியியல் படித்தவனுக்கு இது விடாத பழக்கம். சூழலியலில் இந்நிகழ்வுகளைச் 'சீர்குலைவு' என்று மொழிபெயர்க்கிறோம். அச்சொல் குலைவுக்கு முன்னர் ஒரு 'சீர்' இருந்ததென முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறது. கீழே சொல்லப்படும் வரலாற்றில் அப்படியொரு சீர் எங்கிருந்தது என்று என்னால் சுட்ட இயலவில்லை. ஆகவே 'குலைவு' என்றே எழுதுகிறேன்.

1860களின் நடுவில் மத்திய மாகாணத்துப் போரிக் காட்டில் தீத்தடுப்பு முயற்சி தொடங்கியது. 1878ஆம் ஆண்டின் வனச்சட்டம் காப்புக்காட்டில் தீ மூட்டுவதைக் குற்றமாக்கியது. வறண்ட நிலத்தில் பிறந்த இந்தக் கொள்கை, மழை மிகுந்த வங்காள துவார்களுக்கும் அசாமின் கோல்பாராவுக்கும் சென்றபோது நிகழ்ந்தது விந்தையானது. அங்கே ஆண்டுதோறும் எரிந்த புல்வெளிகளில் தீயை நிறுத்தியதும் சால மரம் பரவியது. சாலக் கன்று தீயில் தண்டை இழந்தாலும் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். பல ஆண்டுகள் அவ்வாறே மாண்டு மாண்டு எழுந்த கன்றுகள், தீ நின்றவுடன் மரமாயின. புல்வெளி காடாயிற்று. தடுப்பு வென்றதெனக் கொண்டாடுவதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

சில பதின்மங்களுக்குள் அதே காட்டின் அடியில் பசுமைமாறாச் செடிகளும் கொடிகளும் அடர்ந்தன. நிழலில் சாலக் கன்றுகள் தலையெடுக்கவில்லை. முதியவை நின்றன; இளையவை இல்லை. சாலத்தைப் பரப்பிய அதே கொள்கைதான் சாலத்தின் அடுத்த தலைமுறையை அழித்தது. முதல் கட்டத்தைக் கண்ட அதிகாரியும் இரண்டாம் கட்டத்தைக் கண்ட அதிகாரியும் தத்தம் பணிக்காலத்திற்குள் பார்த்ததை நேர்மையாகவே எழுதினர். பர்மாவின் தேக்குக் காடுகளிலும் இதையொத்த ஐயம் எழுந்தது: தீக்காப்பு அளவுக்கு மீறிவிட்டதென 1896இல் ஸ்லேட் என்ற வனத்துறை அதிகாரி 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழில் எழுதினார்.

இவையெல்லாம் ஒரு வனக்கோட்டத்தின் எல்லைக்குள் அடங்கும் செய்திகள். ஒற்றை மரம் சாயும்போது திறக்கும் ஒளித்துளை இதனினும் மிகச் சிறியது. அந்தச் சில சதுர மீட்டரில்தான் எந்தக் கன்று பிழைக்கும் என்பது முடிவாகிறது. அறிக்கை அங்கே குனிந்து பார்த்ததில்லை. மறுமுனையில் ஒரு கோட்டம் அன்று, ஒரு முழு ஆற்றுப்படுகையே குலைவது உண்டு.

1950 ஆகஸ்டு 15, விடுதலை நாளின் இரவு. 8.6 அளவுள்ள நிலநடுக்கம் அசாமையும் திபெத்தையும் உலுக்கியது. தாவரங்களைத் தேடித் திபெத்தின் ரிமாவில் முகாமிட்டிருந்த கிங்டன்-வார்ட், மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்ததைப் பதிவு செய்தார். மிஷ்மி, அபோர் மலைகளில் காடு மண்ணோடு சரிந்தது. சரிவு சுபன்சிரி ஆற்றை மறித்தது. சில நாள்களில் அந்த அணை உடைந்து கீழுள்ள ஊர்களை வெள்ளம் கொண்டுபோயிற்று. சேதம் அத்துடன் முடியவில்லை. மலையிலிருந்து இறங்கிய வண்டலால் பிரம்மபுத்திராவின் படுகை உயர்ந்தது. திப்ருகர் நகரின் ஒரு பகுதியைப் பின்னர் ஆறு அரித்துச் சென்றது. ஒரு கரையை அரிக்கும் ஆறு வேறிடத்தில் மணல்மேட்டை எழுப்பும். அசாமியர் 'சாபரி' என்றழைக்கும் அம்மேடுகளில் முதலில் நாணல், பின்னர் கருங்காலியும் சிசுவும், அதன் பின்னர் இலவு முதலியவை வரும். மேட்டில் வளரும் காட்டின் வயதைக் கணக்கிட வேண்டுமெனில், பல நூறு கிலோமீட்டர் தொலைவில் மலை சரிந்த ஆண்டிலிருந்து தொடங்க நேரலாம். காப்புக்காட்டின் எல்லைக்கல் இதற்கு எவ்வகையில் உதவும்?

தொடக்கக் கேள்விக்கு என் விடை எளியது. நிலநடுக்கத்தின்மீது வழக்குத் தொடர இயலாது. தீயின்மீது இயலும், ஏனெனில் தீக்குப் பின்னால் ஒரு மனிதரைக் காட்டலாம். அட்டவணையில் 'காரணம்' என்ற பத்தி அதற்காகவே இருந்தது. துவார்களில் அப்பத்தியில் வந்து நின்றவர்கள் இடம்பெயர் வேளாண்மை செய்த மேச்சு, ராபா முதலிய மக்கள். சாலம் மீளவில்லை என்பது உறுதியானபின், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பதின்மங்களில் துறை பர்மாவின் 'டவுங்யா' முறையை அங்கே கொணர்ந்தது. காட்டை வெட்டி, எரித்து, பயிருக்கிடையே சால விதையை ஊன்றும் முறை அது. அந்தச் சொல்லே பர்மிய மொழியில் மலைவயலைக் குறிப்பது. எரிக்கவும் ஊன்றவும் தெரிந்த கைகள் தேவைப்பட்டன. எரித்ததற்காகத் தண்டிக்கப்பட்ட சமூகத்தாரையே துறை காட்டுக்குள் குடியமர்த்தி, 'வனக்கிராமம்' என்று பெயரிட்டு, உழைப்புக்கு ஈடாகப் பயிரிடும் நிலத்தைத் தந்தது. நிலத்தின் உரிமையைத் தரவில்லை. அத்தகைய ஊர்களை வருவாய்க் கிராமங்களாக மாற்றும் உரிமை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில்தான் எழுதப்பட்டது.