நரியைக் கூப்பிட்டவர்கள்

மதுரைக்கும் நரிக்கும் உள்ள உறவு பழைய உறவு. ஆவணி மூலத் திருவிழாவில் நரியைப் பரியாக்கிய லீலை வருஷந்தோறும் நடக்கிறது. திருவாதவூரிலே பிறந்து, அரிமர்த்தன பாண்டியனுக்கு மந்திரியாக இருந்தவர், குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறையில் சிவப்பணிக்குச் செலவழித்து விட்டார். காட்டு நரிகளெல்லாம் குதிரைகளாக மாறி மதுரைக்கு வந்து அவர் மானத்தைக் காப்பாற்றின. அன்று இரவே அவை மறுபடியும் நரிகளாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஊளையிட்டுக்கொண்டு ஓடிப்போயின.

இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு விசாரம். அத்தனை நரிகளையும் காட்டிலிருந்து ஒரே சமயத்தில் கூப்பிட்டது எப்படி? இறைவனுக்கு அது ஒரு பெரிய காரியமில்லை; நினைத்தால் முடிந்தது. மனிதனுக்கு அப்படியல்ல. ஒரே ஒரு நரியைத் தன் பக்கம் வரவழைக்க அவன் எத்தனையோ தலைமுறையாக வித்தை பழகியிருக்கிறான். அந்த வித்தையின் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் நரி இன்னது என்று தெரிந்துகொள்வோம். தமிழ்நாட்டில் நரி என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஊளையிடும் பெரிய நரியை. பொட்டல் காட்டில் வளை தோண்டிக் குடியிருக்கும் சிறிய ஜாதி ஒன்றும் உண்டு; அதற்குக் குள்ளநரி என்று பெயர். சேலம் பக்கத்தில் அதையே வங்காநரி என்பார்கள். வாழப்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் பொங்கலை ஒட்டி அதை வலை போட்டுப் பிடித்து, மாலை போட்டு ஊர்வலமாகக் கொண்டுபோய், பிறகு காட்டில் விடுவது வழக்கம். நரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கைதான் காரணம். வனத்துறையார் இப்போது அதைத் தடுத்து அபராதம் போடுகிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் கயோட்டி என்ற பிராணி நம் ஊளை நரிக்கு ஒன்றுவிட்ட சகோதரன்.

இந்தக் குடும்பம் முழுவதற்கும் மூக்குத்தான் கண். போகிற பாதையில் கல்லிலும் புதரிலும் சிறுநீர் விட்டு, "இது என் எல்லை" என்று எழுதி வைத்துக்கொண்டே போகும். பின்னால் வருகிற நரி அதை மோந்து, வந்தது ஆணா பெண்ணா, வந்து எத்தனை நேரமாயிற்று என்று படித்துக்கொள்ளும்.

அமெரிக்க வேட்டைக்காரன் இந்த எழுத்தைக் கற்றுக்கொண்டான். நரியின் சிறுநீரைச் சீசாவில் சேகரித்தான். அதன் சுரப்பிகளை அரைத்து ஜாடியில் போட்டு நாற வைத்தான். மீனை வெயிலில் வைத்து எண்ணெய் கசிய விட்டான். நீர்நாயைப் போல நீரில் வாழும் பீவர் என்ற பிராணியின் கஸ்தூரியைச் சேர்த்தான். வாடை சீக்கிரம் உலர்ந்து போகாமலிருக்கக் கிளிசரின் கலந்தான். ஒவ்வொருவனும் தன் கலவையின் பக்குவத்தை, நம்மூர் நாட்டு வைத்தியர் மருந்தின் பக்குவத்தை மறைப்பதுபோல மறைத்தான். பிறகு தரையில் சாய்வாக ஒரு குழி தோண்டுவான். வேறொரு நரி மிச்ச இரையைப் புதைத்து வைத்த குழிபோல அது தோன்ற வேண்டும். உள்ளே இரை, வாயிலில் இரண்டு சொட்டு வாடை, அதற்கு முன்னால் மண்ணுக்கடியில் இரும்புப் பொறி. தன் வாடை தெரியக்கூடாது என்று பொறியை மரப்பட்டையோடு வேகவைப்பான்; கையுறை போட்டுக்கொள்வான். அயலான் சொத்து அனாமத்தாகக் கிடக்கிறது என்று நினைத்து நரி காலை வைக்கும். நரியைப் பிடித்தது அதனுடைய பசி மட்டுமல்ல, பேராசையும் கூடத்தான்.

இதைப் படித்துவிட்டு நாம் மூக்கில் விரலை வைக்க வேண்டியதில்லை. எலிப்பொறியில் கருவாட்டுத் துண்டோ மசால்வடையோ மாட்டுகிற ஒவ்வொரு மதுரைக் குடும்பஸ்தரும் இந்தச் சாஸ்திரத்தில் பாதி தேறியவர்தாம்.

அமெரிக்காவில் இது ரோம வியாபாரத்தோடு நிற்கவில்லை. ஆடு மாடுகளைக் காப்பாற்றுவதற்காக என்று 1915-ல் அரசாங்கமே பணம் ஒதுக்கிச் சம்பள வேட்டைக்காரர்களை வைத்தது. பொறி, விஷம் எல்லாம் வந்தன. வாடை தடவிய துணியைக் கடித்து இழுத்தால் வாய்க்குள் விஷம் வெடிக்கும்படி ஒரு குழாயும் வந்தது. இத்தனைக்குப் பிறகும் கயோட்டி குறையவில்லை. முன்பு மேற்குப் பக்கத்தில் மட்டும் இருந்தது, கிழக்குக் கடற்கரை வரை பரவி, பெரிய பட்டணங்களுக்குள்ளும் குடியேறிவிட்டது.

நம் ஊரில் நரியைப் பிடித்தவர்கள் மூக்கை நம்பவில்லை, காதை நம்பினார்கள். அவர்களுக்கு நாம் வைத்த பெயரே நரிக்குறவர். தங்களை வாக்ரி என்று அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். வடமொழியில் 'வாகுரா' என்றால் வலை. அதிலிருந்து வந்த பெயர் என்பர். அவர்கள் பேசும் வாக்ரிபோலியில் குஜராத்தி, மராத்தி வாடை வீசும். 1909-ல் தென்னிந்திய ஜாதிகளைப் பற்றி ஏழு பாகங்களில் நூல் வெளியிட்ட தர்ஸ்டன் துரை, இவர்களைக் குருவிக்காரர் என்ற தலைப்பில் எழுதியிருக்கிறார்.

அவர்களுடைய முறை இதுதான். நரி வரும் தடத்தில் வலையைக் கட்டிவிட்டு, ஒருவர் புதரில் மறைந்து, கையை வாயில் குவித்து நரியைப்போல ஊளையிடுவார். நரிக்கு ஊளை என்பது வெறும் கூச்சலல்ல. சொந்தக்காரரை விசாரிப்பதும், அந்நியனை எச்சரிப்பதும் அதுதான். தம் எல்லையில் புதுக்குரல் கேட்டதும் பதில் குரல் கொடுத்துக்கொண்டே நரிகள் வரும். குரல் ஒரு இழை பிசகினாலும் அவை வந்த வழியே திரும்பிவிடும். சீசாவில் அடைத்து விற்க முடியாத வித்தை. தகப்பன் தொண்டையிலிருந்து மகன் தொண்டைக்குத்தான் வர வேண்டும்.

பிடித்த நரியின் இறைச்சி வீட்டுக்கு, தோல் விற்பனைக்கு. எல்லாவற்றுக்கும் மேலே நரிக்கொம்பு! நரிக்கூட்டத்தின் தலைவனுக்கு மட்டும் மண்டையில் அரை அங்குலக் கொம்பு முளைக்கும் என்றும், அது கையிலிருந்தால் நினைத்தது நடக்கும் என்றும் நம்பிக்கை. இலங்கையில் உத்தியோகம் பார்த்த எமர்சன் டெனன்ட் 1861-ல் வெளியிட்ட பிராணி நூலில் இதைக் குறிப்பிடுகிறார். அதை நகையோடு வைத்தால் திருடன் தொடமாட்டான். தொலைந்தாலும் தானே திரும்பி வந்துவிடுமாம். விற்கப்பட்ட கொம்புகளில் பெரும்பாலானவை தோலையும் எலும்பையும் வைத்துச் செய்தவையே. வாங்கியவர்கள் யார்? படித்தவர்கள், வியாபாரிகள், கோர்ட்டு வழக்கில் ஜெயிக்க நினைத்தவர்கள். நரியின் ஆசையை அறிந்தவர்களுக்கு நம்முடைய ஆசையை அறிவது ஒரு கஷ்டமா?

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் நரியைப் பிடிப்பதும் கொல்வதும் பிற்பாடு குற்றமாயிற்று. சட்டம் நியாயமானதுதான். ஆனால் நரியை மட்டுமே படித்திருந்த ஜனங்களுக்கு வேறு படிப்பைக் கொடுக்க நாடு அவசரப்படவில்லை. நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில். சட்டம் வந்து ஐம்பது வருஷம்! இதற்கிடையில் ஊசிமணி, பாசிமணி விற்றார்கள். சிலர் தப்பு வழியிலும் போனார்கள். 2021 ஜனவரியில் திருச்சி அருகே, இறைச்சிக்குள் நாட்டு வெடியைப் பொதிந்து வைத்து நரியைக் கொன்றதாகப் பன்னிரண்டு பேர் கைதானார்கள். நரியின் குரலைக் கற்ற சமூகத்தில் சிலர், குரலே தேவையில்லாத வெடிக்கு வந்து சேர்ந்ததை நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது.

எங்கள் வில்லாபுரத்தில் இப்போது நரி கிடையாது. கண்மாயும் வயலுமாக இருந்த காலத்தில், அவனியாபுரம் பக்கத்திலிருந்து இரவில் ஊளை கேட்கும் என்று என் பாட்டி சொல்வாள். வயல் நண்டும் எலியும் செத்த மாடும்தான் அவற்றின் ஆகாரம். நரியை விரட்டியது வலையல்ல, வீட்டுமனை. அதன் பலனை இன்று சுற்றுவட்டாரத்து விவசாயிகள் சொல்கிறார்கள். மயில் பெருத்துப் போய் விதைத்ததைக் கொத்துகிறது. முட்டையைத் தின்ன நரி இருந்த காலத்தில் இவ்வளவு இல்லை என்கிறார்கள்.

சித்திரை வீதிப் பக்கம் மணி விற்றுக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் ஒரு நாள் விசாரித்தேன். "பெரியவரே, நரி மாதிரிக் கூப்பிடத் தெரியுமா?"

"தெரியாமே என்ன சாமி? எங்கப்பன் கத்துக் குடுத்தான்."

"இப்போ கூப்பிட்டால் வருமா?"

சுற்றிலும் ஒரு தரம் பார்த்தார். "இங்கே கூப்பிட்டா நாய்தான் சாமி வரும்" என்றார். பக்கத்தில் நின்ற அவர் பேரனைக் காட்டி, "இவனுக்குத் தெரியாது. எதுக்குக் கத்துக் குடுக்கணும்?" என்று என்னையே கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அமெரிக்காவில் 1970-களில் பொறிக்காரரின் வாடை வித்தையை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள். சலித்த மணலை வட்டமாகப் பரப்பி, நடுவில் வாடையை வைத்தார்கள். பொறி கிடையாது. காலையில் போய்க் காலடிச் சுவடுகளை எண்ணி, கயோட்டி கூடுகிறதா குறைகிறதா என்று கணக்கெடுத்தார்கள். ஊளையைப் பதிவு செய்து ஒலிக்க விட்டு, பதில் குரல்களை எண்ணி நரிக் கணக்கு எடுப்பதும் இன்று விஞ்ஞானிகளின் வழக்கம். பதிவுக் கருவி செய்கிற அந்த வேலையை, தொண்டையிலேயே வைத்திருப்பவர்கள் நம் நடுவில் ஊசிமணி விற்றுக்கொண்டிருக்கிறார்கள். மதுரையைச் சுற்றியுள்ள கரடுகளிலும் கண்மாய்க் கரைகளிலும் இன்னும் எத்தனை நரி மிஞ்சியிருக்கிறது என்று எண்ணிச் சொல்ல, வனத்துறையார் அந்தப் பெரியவரைச் சம்பளம் கொடுத்துக் கூப்பிடலாம். அப்படி நடந்தால் அவர் பேரனும் அந்தக் குரலைக் கற்றுக்கொள்வான். வருகிற நரியும் உயிரோடு திரும்பிப் போகும்.