கடற்கரையில் வாழும் உறவினர்



தமிழில் ‘மீன்’ என்னும் சொல் தாராள மனம் படைத்தது. நட்சத்திர மீன் என்கிறோம். இழுது மீன் என்கிறோம். கணவாய் மீன் என்கிறோம். இவற்றுள் ஒன்றேனும் மீனன்று. நட்சத்திர மீனுக்குத் தலையே கிடையாது. இழுது மீனுக்கு எலும்புமில்லை, இரத்தமுமில்லை. கணவாயோ சங்குக்கும் சிப்பிக்கும் உறவு. நீரில் வாழ்வன யாவும் மீன் என்று நம் முன்னோர் எளிதாகச் சொல்லிவிட்டனர். அதற்காக அவர்களைப் பார்த்து நகைக்க வேண்டுவதில்லை. பெயரிடும் பணியில் பேரறிஞர்களும் பலகால் தடுமாறியிருக்கின்றனர். அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட தம் நூலின் பத்தாம் பதிப்பில் பிராணிகளை ஆறு வகுப்புக்களாகப் பிரித்தார். பாலூட்டிகள், பறவைகள், நிலநீர் வாழ்வன, மீன்கள், பூச்சிகள் என ஐந்து. எஞ்சியவற்றையெல்லாம் ‘புழுக்கள்’ என்று ஆறாவது மூட்டையாகக் கட்டிவிட்டார். சிப்பியும் நட்சத்திர மீனும் இழுது மீனும் அம்மூட்டைக்குள் கிடந்தன. அதை அவிழ்த்து ஒழுங்கு செய்தவர் பிரான்சு நாட்டு லாமார்க். முதுகெலும்பற்றவை என்னும் பிரிவுக்குப் பெயர் தந்தவரும் அவரே. அவர் காலத்தவரான கூவியே, 1812இல் பிராணி உலகம் முழுவதையும் நான்கு பெரும் அமைப்புக்களில் அடக்கிக் காட்டினார்.

இன்று நீங்கள் படிக்கும் தொகுதிகள் இவ்வாறு படிப்படியாக உருவானவை. கடற்பஞ்சுக்கு உடலெங்கும் துளைகள், திசுக்கள் இல்லை. பவளமும் இழுது மீனும் குழியுடலிகள். வாயும் கழிவாயும் ஒன்றே. கொட்டும் அணுக்களே அவற்றின் படைக்கலம். வளையங்களால் ஆன உடலுடையவை வளைதசைப் புழுக்கள். சங்கும் சிப்பியும் கணவாயும் மெல்லுடலிகள். நண்டும் இறாலும் கணுக்காலிகள். வளருந்தோறும் ஓட்டைக் கழற்றுவன. நட்சத்திர மீனும் கடல் அட்டையும் முட்தோலிகள். ஐந்தைந்தாய் அமைந்த உடலும் நீரால் இயங்கும் குழாய்க் கால்களும் உடையன.

இவ்வரிசையில் இடம் கிடைக்காமல் அலைந்த பிராணி ஒன்று உண்டு. பாறையிலும் படகின் அடிப்புறத்திலும் ஒட்டிக்கொண்டு, தொட்டால் நீரைப் பீச்சும் பை போன்றது அது. அசிடியன் என்பர். தாவரத்தை ஒட்டிய பிராணி என அரிஸ்டாட்டில் கருதினார். ஓடில்லாத மெல்லுடலி எனக் கூவியே கொண்டார். 1845இல் அதன் போர்வையில் தாவரங்களுக்கே உரியதென எண்ணப்பட்ட செல்லுலோசு காணப்பட்டது. குழப்பம் பின்னும் மிகுந்தது.

ரஷ்ய நாட்டு இளைஞர் கோவலெவ்ஸ்கி 1866இல் இக்குழப்பத்தைத் தீர்த்தார். முதிர்ந்த பிராணியை விட்டு அதன் குழந்தைப் பருவத்தை அவர் நுண்ணோக்கியில் பார்த்தார். அது தவளையின் தலைப்பிரட்டை போல் வாலாட்டி நீந்தியது! வாலினுள் முதுகு நாண். அதற்கு மேலே குழலான நரம்பு வடம். இவ்விரண்டும் மீனுக்கும் நமக்கும் கருப்பருவத்தில் அமைபவை. சிறிது காலம் நீந்தியபின் அக்குஞ்சு பாறையில் தலையை ஊன்றுகிறது. வாலும் நாணும் உடலுக்குள்ளேயே கரைந்து மறைகின்றன. தன் குலப் பெருமையை மறந்த பிள்ளை போல் அது பையாகி நின்றுவிடுகிறது. டார்வின் 1871இல் எழுதிய மனிதனின் தோற்றம் பற்றிய நூலில் இக்கண்டுபிடிப்பைப் போற்றி எடுத்தாண்டார்.

ஆம்பியாக்சஸின் கதையும் இத்தகையதே. 1774இல் பல்லாஸ் அதை ஓடில்லா நத்தை என்று எண்ணினார். பின்னரே அது முதுகு நாணுள்ள பிராணி எனத் தெளிந்தனர். நம் மண்டபத்தை அடுத்த குருசடைத் தீவின் மணலில் வாழும் ஏகோர்ன் புழுவின் உறவுகளும் இப்படியே. அக்குலத்தின் இளவுயிரியை முதலில் நட்சத்திர மீனின் குஞ்சு என்றே கருதினர். செவுள் பிளவுகளைக் கண்டு பேட்சன் 1880களில் அவற்றை முதுகு நாணிகளோடு சேர்த்தார். இன்றோ அவை அரைநாணிகள் என்னும் தனித் தொகுதி; முட்தோலிகளுக்கே நெருங்கிய சுற்றம். முதலில் நேர்ந்த தவறிலும் ஓர் உண்மை ஒளிந்திருந்தது!

இனி என் குறை ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன். மேல்நிலை வகுப்பில் பல்லாண்டு விலங்கியல் கற்பித்தவன் நான். கரும்பலகையில் ஓர் ஏணி வரைவேன்: கீழே அசிடியன், நடுவே ஆம்பியாக்சஸ், மேலே மீன். ஒருநாள் மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, ஆம்பியாக்சஸ்தான் மீனுக்கு நெருங்கியது என்பதை எப்படி அறிந்தார்கள்? உருவம் ஒத்திருப்பதால் மட்டுமா?” என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. “புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, உட்கார், அம்மா” என்றேன். அவள் உட்கார்ந்தாள். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவள் வினா எதுவும் எழுப்பவில்லை.

2006இல் மரபணுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், முதுகெலும்பிகளுக்கு மிக நெருங்கிய உறவு ஆம்பியாக்சஸ் அன்று, அசிடியன் இனமே என்று அறிவித்தனர். 2008இல் வெளிவந்த ஆம்பியாக்சஸின் முழு மரபணுத் தொகுப்பும் அதையே உறுதி செய்தது. செய்தியைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது அந்தச் சிறுமியின் முகமே. என் ஏணி சரிந்ததற்கு நான் வருந்தவில்லை. அறிவு வளர்ந்தால் ஏணிகள் சரியத்தான் செய்யும். நல்ல வினா ஒன்றை என் அதிகாரத்தால் அமர்த்திவிட்டேனே என்பதே என் வருத்தம்.

நண்பர்களே, பாடநூலை மதித்துப் படியுங்கள். தொகுதிகளின் இயல்புகளை நெட்டுருவும் செய்யுங்கள். ஆயினும் ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் “எப்படி அறிந்தார்கள்?” என்று கேட்கத் தவறாதீர்கள். ஆசிரியர் உட்காரச் சொன்னால் மரியாதையோடு உட்காருங்கள். வினாவை மட்டும் உட்கார வைத்துவிடாதீர்கள்.