மூட்டை சோளமாவும் ஒரு பாட்டின் உரிமையும்

அமெரிக்காவின் டென்னசி மலைப்பகுதியில் 1946 ஜனவரி 19 அன்று, பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தவர் டாலி பார்ட்டன். பிரசவம் பார்த்த மருத்துவருக்குத் தந்தையால் கொடுக்க முடிந்த கூலி ஒரு மூட்டை சோளமாவுதான்.

1964இல் பள்ளிப் படிப்பு முடிந்த மறுநாளே, கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குப் பேருந்து ஏறினார். 1967இல் பாடகர் போர்ட்டர் வேகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது, ஊரறிந்த பாடகியானார். அம்மா ஒட்டுத்துணிகளில் தைத்துத் தந்த கோட்டைப் பற்றிய பாட்டு, பயணப் பேருந்தில் கிடைத்த சலவைக் கடை ரசீதின் பின்புறத்தில் எழுதப்பட்டது.

வேகனரிடமிருந்து விலகும் நேரத்தில் அவருக்கு விடைசொல்ல எழுதியதே ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’. 1974இல் கன்ட்ரி இசைப் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது. எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட விரும்பினார். ஆனால் பாடல் உரிமையில் பாதியை எழுதித்தர வேண்டும் என்றார் அவருடைய மேலாளர். எல்விஸ் பாடுவதென்றால் யார்தான் மறுப்பார்கள்? டாலி மறுத்தார், அன்றிரவு அழவும் செய்தார். அவர் எடுத்த முடிவுகளிலேயே புத்திசாலித்தனமானது இதுதான். 1992இல் விட்னி ஹூஸ்டன் பாடிய வடிவம் 14 வாரம் முதலிடத்தில் நின்றது. எழுதியவருக்கான வருமானம் பங்குபோகாமல் டாலிக்கு வந்தது.

1986இல் சொந்த மண்ணில் ‘டாலிவுட்’ பொழுதுபோக்குப் பூங்கா எழுந்தது. எழுதப் படிக்கத் தெரியாத தந்தையை எண்ணி 1995இல் அவர் தொடங்கிய திட்டம், ஐந்து வயதுவரை குழந்தைகளுக்கு மாதம் ஒரு புத்தகத்தை இலவசமாக அனுப்புகிறது. இதுவரை 20 கோடிப் புத்தகங்களுக்கு மேல் போயிருக்கின்றன.